சொந்த அடைவில் நிறுவிய எச்டிஎஃப்5 நூலகம் நிரலுக்குத் தெரியவில்லை

கேள்வி (வெள்ளவத்தை):
வணக்கம். கொழும்பில் நான் பணியாற்றும் ஆய்வுக்கூடத்தின் லினக்ஸ் சர்வரில் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாததால், சீலிப்பையும் (zlib, தரவைச் சுருக்கும் நூலகம்) அதன்பின் அதைப் பயன்படுத்தும் எச்டிஎஃப்5ஐயும் (HDF5, பெரிய தரவுக் கோப்புகளை வாசித்து எழுதும் நூலகம்) பிரீஃபிக்ஸ் (நிறுவும் இடம்) கொடுத்து எனது ஹோம் அடைவிலேயே நிறுவினேன். மழைவீழ்ச்சித் தரவை வாசிக்கும் எனது சி நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகிறது. ஆனால் இயக்கியதும் நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. கோப்போ அங்கேயே இருக்கிறது.

மறுமொழி (கொட்டாஞ்சேனை):
தம்பி, கம்பைல் செய்யும்போது நீங்கள் காட்டிய நூலகப் பாதை லிங்கருக்கு (நிரலை நூலகங்களோடு இணைக்கும் கருவி) மட்டுமே உரியது. அது நிரலுக்குள் தானாகப் பதிவாவதில்லை. நிரலுக்குத் தேவையான நூலகங்கள் எங்கே கிடைக்கின்றன என்று காட்டும் எல்டிடி (ldd) கட்டளையை ஓட்டினால் எச்டிஎஃப்5இன் எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். லிங்க் செய்யும் வரியில் ஆர்பாத்தாக (rpath, இயங்கும்போது நூலகத்தைத் தேட நிரலுக்குள் எழுதப்படும் பாதை) அதே அடைவைக் கொடுத்து மறுபடி கட்டுங்கள். எச்டிஎஃப்5ஐக் கட்டும்போதும் இதைச் செய்வது மிக அவசியம்: புதிய லிங்கர்கள் பல இதை ரன்பாத்தாகவே (RUNPATH, இதே போன்ற இன்னொரு வகைப் பதிவு) எழுதுகின்றன, அதுவோ நிரல் நேரடியாகக் கேட்கும் நூலகங்களுக்கு மட்டுமே பயன்படும், அந்த நூலகம் கேட்கும் சீலிப்புக்கு உதவாது.

மறுமொழி (தெஹிவளை):
அவசரத்துக்கு எல்டி லைப்ரரி பாத் (LD_LIBRARY_PATH, நூலகங்களைத் தேடும் அடைவுகளைச் சொல்லும் சூழல் மாறி) போதும். ஆனால் அதை பாஷ்ஆர்சியில் (.bashrc, முனையத்தைத் திறக்கும்போது தானாக ஓடும் அமைப்புக் கோப்பு) நிரந்தரமாக எழுத வேண்டாம். நான் எழுதியதால், சர்வரின் வேறு கருவிகளும் எனது பழைய சீலிப்பை எடுத்துக்கொண்டு நின்றுபோயின.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. எச்டிஎஃப்5, எனது நிரல் இரண்டையும் ஆர்பாத்துடன் கட்டினேன். இப்போது எல்டிடி எனது அடைவையே காட்டுகிறது.