முந்தனை ஆற்றில் விரால் குஞ்சு விடலாமா?

சித்தாண்டிக்காரன்:
வணக்கம். மட்டக்களப்பு முந்தனை ஆற்றிலும் பக்கத்து வில்லுகளிலும் (வெள்ளம் தேங்கும் ஆற்றோரத் தாழ்நிலக் குளங்கள்) விரால் வரவரக் குறைகிறது. வெளி மாவட்டத்துப் பொரிப்பகம் ஒன்றில் குஞ்சு வாங்கி மாரியோடு ஆற்றில் விடலாம் என்று எங்கள் நன்னீர் மீனவர் சங்கத்தில் பேசுகிறார்கள். ஒருவர் மட்டும், அப்படிச் செய்தால் நம்ம ஆற்று விராலின் இனமே கெட்டுப்போகும் என்கிறார். அங்கேயும் விரால், இங்கேயும் விரால், எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வந்தாறுமூலை மாணவி:
அண்ணா, அவர் சொல்வதில் விசயம் இருக்கிறது. பொரிப்பகத்தில் எத்தனை குஞ்சு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், அந்தக் குஞ்சுகளுக்கு எத்தனை தாய், எத்தனை தகப்பன் என்று கேளுங்கள். 50 பெண்ணும் 2 ஆணும் வைத்துப் பொரிக்க வைத்தால் பார்வைக்கு 52 மீன், ஆனால் மரபியல் கணக்கில் (4 × பெண் × ஆண் ÷ மொத்தம், அதாவது 4 × 50 × 2 ÷ 52) அது ஏறக்குறைய 8 மீனுக்குத்தான் சமம். அந்தப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் விட்டால் ஆற்றில் மீன் நிறையும், ஆனால் பெரும்பாலானவை ஒரே குடும்பம். புதிதாக ஒரு நோய் வந்தால், அதைத் தாங்கும் மரபணு அவற்றில் ஒன்றிடமாவது இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆற்று மீனின் பல வகை மரபணுக்களும் இந்தக் கூட்டத்துக்குள் அமுங்கிப்போகலாம். 1991இலேயே ரைமன், லைக்ரே என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

வயல்வரம்பு:
தம்பி, முதலில் விரால் ஏன் குறைந்தது என்று பாருங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அந்த இடத்தில் தூண்டில் போட்டால் சுலபமாகக் கிடைக்கும் என்று அங்கேயேதான் பிடிக்கிறார்கள், பெரியது போனால் குஞ்செல்லாம் மற்ற மீனுக்கு இரை. அப்புறம் சிறுகண் தங்கூசி (நைலான் இழை) வலை. வில்லுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள ஓடைகளை மண் போட்டு அடைக்கிறார்கள், மாரி வெள்ளத்தில் மீன் எப்படி ஏறி இறங்கும்?

வந்தாறுமூலை மாணவி:
ஓடை அடைபட்டால் மரபிலும் அதே பாதிப்புத்தான். ஒவ்வொரு வில்லிலும் கொஞ்ச மீன் தனியாக மாட்டி, சொந்தத்துக்குள்ளேயே பெருகும்.

இங்கினியாகலை வாசகர்:
இனக்கலப்பு சும்மா பயமில்லை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியாவைப் பாருங்கள். இங்கே குளங்களில் அது பெருகிவிட்டது, ஆனால் அதன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்க ஆறுகளில், வெளியிலிருந்து விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து கலப்பில்லாத மீன் அருகி வருகிறது.

சித்தாண்டிக்காரன்:
சரி, சங்கம் எப்படியும் விடத்தான் வேண்டும் என்று நின்றால்?

வந்தாறுமூலை மாணவி:
இதே ஆற்றில் பிடித்த மீனை வைத்துப் பொரிக்கச் சொல்லுங்கள். ஆணும் பெண்ணும் சம அளவில், முடிந்தவரை நிறையச் சோடிகள், ஒவ்வொரு வருடமும் புது மீன். சோடிக்குச் சோடி குஞ்சை வேறாக வளர்த்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு எடுத்து விட வேண்டும். பொரிக்க வைக்கிற ஒவ்வொரு ஆண், பெண் மீனின் செட்டையிலும் சின்னத் துண்டு வெட்டி, தண்ணீர் கலக்காத மதுசாரத்தில் போட்டு, திகதி எழுதி வையுங்கள். பின்னாளில் டிஎன்ஏ பார்க்க அது போதும். ஓடையைத் திறக்கிற வேலையை இந்த மாரிக்கு முன்னமே தொடங்கலாம், அதற்குப் பொரிப்பகம் தேவையில்லை.