நில மீட்பா, கடல் தூர்ப்பா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கடலோரப் பொறியியல் சொற்பட்டியலில், கடலிருந்த இடத்தை நிலமாக்குவதைக் குறிக்கும் ‘ரெக்ளமேஷன்’ என்பதற்கு ‘நில மீட்பு’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கம். மீட்பு என்றால் கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், ஆக்கிரமிப்பில் போன புறம்போக்கை மீட்கிறோம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி இழந்த தரையையோ, பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தபின் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப்போன இரண்டு தீவுகளையோ மறுபடி மேடாக்கினால், அதை மீட்பு என்று சொல்ல நியாயம் உண்டு. ஆனால் கொழும்புத் துறைமுக நகருக்காக 269 ஹெக்டேர் கடலை மணல் கொட்டி நிரப்பியதும், 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் 730ஐத் தாண்டியதும் மீட்பல்ல. அந்த இடம் என்றைக்கும் நிலமாக இருந்ததில்லை.

இராமநாதபுரத்தில் ஊருணியையோ கிணற்றையோ மண் கொட்டி மூடினால் ‘தூர்த்துவிட்டார்கள்’ என்போம். தீர், தீர்ப்பு, சேர், சேர்ப்பு, அதுபோலத் தூர், தூர்ப்பு. ஆகவே ‘கடல் தூர்ப்பு’ என்பது என் முன்மொழிவு. கண்மாயைத் ‘தூர் வாருதல்’ நேர் எதிரான வேலையாயிற்றே, குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். தூர்ந்து கிடப்பதைத்தான் வாருகிறோம். வேர் ஒன்றே என்பதால் குழப்பத்தைவிடத் தெளிவே மிகும் என்று நினைக்கிறேன்.

‘மீட்பு’ என்னும் சொல் அங்கே முன்பு என்ன இருந்தது என்ற கேள்வியை எழவிடுவதில்லை. தூர்ப்பு என்றால் எதன்மேல் கொட்டினார்கள், மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே ஆழம் குறைந்த கடல் வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியலாம். உண்மையில் அது கடற்புல் வளரும் இடம், முருகைப் பார்கள் எனும் பவளப்பாறைகள் உள்ள இடம், பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கும் இடம். தூர்த்தபின்னும் வேலை முடிவதில்லை: கடலில் செயற்கைத் தீவு அமைத்து 1994இல் திறந்த ஜப்பானின் கன்சாய் விமான நிலையம், அடியிலுள்ள களிமண் அமுங்குவதால் இன்றும் தாழ்ந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. நெதர்லாந்தில் 1932இல் 32 கிலோமீட்டர் நீள அணையால் கடலின் ஒரு பகுதியை அடைத்து, பிறகு உள்ளே கரைகட்டி, நீரை இறைத்து, வெளிப்பட்ட தரையில் பயிரிட்டார்கள். அங்கே தூர்ப்பு நடக்கவில்லை. கேரளத்தின் குட்டநாட்டுக் காயல் வயல்களும் இதே வகைதான். நம் நாட்டின் 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே நிலமாக்குவதையும் கரைகட்டுவதையும் தனித்தனியே குறிப்பிட்டது. ஆகவே பட்டியலிலும் இரண்டு பதிவுகள் தேவை. ‘வடிநிலம்’ ஆற்றுப்படுகைக்கு வழங்கிவிட்டதால், இரண்டாவதற்கு இப்போதைக்குக் ‘கரைகட்டு நிலம்’ என்று எழுதியிருக்கிறேன். எனக்கே அது முழுத் திருப்தி தரவில்லை. குமரி மாவட்டத்து உழவர்களிடம் இதற்கு வழக்குச் சொல் இருந்தால் தெரிவியுங்கள், என்னுடையதை விட்டுவிடுகிறேன்.