தொட்டியின் அடியில் வாழ்கிறவை: தென் அமெரிக்கக் கெளுத்தி வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மணல்தொட்டி:
டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி வண்ண மீன்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். அடியில் கிடக்கும் கெளுத்திகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விற்கிறவர்களும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கிப் போகிறவர் அதற்கென்று தனியாகத் தீனி போடுவதில்லை. சில வாரத்தில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். அதனால் வளர்த்துப் பார்த்தவர்கள் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் இருப்பவை கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி வகைகள், சுருக்கமாகக் கோரி. வெண்கலக் கோரியில் தொடங்கி இப்போது பாண்டா, ஸ்டெர்பை வரைக்கும் வந்திருக்கிறேன். ஒன்று, இவை மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. இரண்டு, பாசியையும் பெரிதாகத் தொடாது. புழு, சிறு பூச்சி, மட்கிய துணுக்கு என்று மணலுக்குள் தேடித் தின்னும் மீன் இது. மேலே போடும் தீனியை டெட்ராக்கள் கீழே விடுவதே இல்லை, அதனால் விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் வில்லைகளைத் தனியாகப் போடுகிறேன். வாரத்தில் ஓரிரு தடவை உறைய வைத்த ரத்தப்புழு.

ஆற்று மணல் மாதிரி மெல்லிய மணல் போட்டுப் பாருங்கள், மீனே வேறு மாதிரி நடந்துகொள்ளும். கண் வரைக்கும் மூக்கை மணலுக்குள் நுழைத்து வாய் நிறைய அள்ளும். முறத்தில் புடைப்பது போல உள்ளேயே சலித்து, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மிச்ச மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் புகை மாதிரி விடும். கூர்மையான சரளைக்கல்லில் இதைச் செய்ய முடியாது. மீசை தேய்ந்துபோவதற்குக் கல் மட்டும் காரணமில்லை, கல்லுக்கடியில் அழுகிக் கிடக்கும் தீனிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. மணலோ கல்லோ, அடித்தளம் சுத்தமாக இருக்க வேண்டும்.

புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படும் ஒரு விஷயம்: கோரி திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். நோய் ஒன்றும் இல்லை. குடலின் பின்பகுதி வழியாகவும் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் ஓடினால் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம், ஆறு எட்டாவது சேர்ந்து இருக்க வேண்டும். ஒற்றையாக வைத்தால் மூலையில் ஒடுங்கிவிடும். கூட்டமாக இருக்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள், கண்ணைக் கீழே உருட்டிச் சிமிட்டும். இமை கிடையாது, கண்ணையே திருப்புகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்புதான்.

ஈரமீசை:
மணல்தொட்டி அண்ணா, நல்ல திரி. நான் கோரி முட்டை பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் "எங்களுடையது முட்டை போடவே இல்லை" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

இவற்றின் ஊரில் மழைக்காலம் தொடங்கும்போது ஆற்றில் குளிர்ந்த மழைத்தண்ணீர் சேரும், நீர்மட்டம் உயரும், இரை பெருகும். முட்டையிட அதுதான் சமயம். நாம் அதைத் தொட்டியில் நடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சில வாரம் தண்ணீரை அதிகம் மாற்றாமல், ரத்தப்புழுவும் ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலும் தாராளமாகக் கொடுத்துப் பெண்களைத் தேற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும், பெண் மீன் அகலமாக, செவுளுக்குப் பின்னால் பருத்திருக்கும். அப்புறம் மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர்தான். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வருகிற நாளாகப் பார்த்துச் செய்வேன். காற்றழுத்தம் குறைவது இவற்றுக்குத் தெரிகிறது என்று வளர்ப்பவர்கள் பலர் நம்புகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

மறுநாள் காலையிலேயே ஆண்கள் பெண்ணைத் துரத்த ஆரம்பித்துவிடும். பெண் மீன் ஆணின் வயிற்றில் வாயை வைத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஆங்கில டி எழுத்து மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் பெண் ஆணின் விந்தைக் குடித்துவிடுகிறது. சில நொடியில் அது குடல் வழியாக வெளியே வந்து, வயிற்றுத் துடுப்புகளைக் கூப்பிய கைப்பை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறதே, அதற்குள் இருக்கும் முட்டைகளில் படுகிறது. ஏதோ கதை என்று நினைக்காதீர்கள். வெண்கலக் கோரியை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு இது.

அப்புறம் அந்த முட்டைகளைப் பிடித்துக்கொண்டே கண்ணாடியில் ஓர் இடத்தைத் தேடும். வாயால் தேய்த்துச் சுத்தம் செய்து, வயிற்றை அழுத்தி ஒட்டிவிட்டு, மறுபடி ஆணிடம் போகும். இப்படியே மணிக்கணக்கில் நடக்கும். முடிந்ததும் பசி வரும், தன் முட்டையையே தின்ன ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் போனால் முட்டை இறுகிவிடும், விரல் நுனியால் உருட்டினாலே கழன்று வரும். பயப்பட வேண்டாம், உடையாது. சிறிய டப்பாவில் அதே தொட்டித் தண்ணீர், மெல்லிய காற்றோட்டம், வெளிர்நீலம் தெரிகிற அளவுக்கு மெத்திலீன் ப்ளூ என்ற பூசண மருந்து. வெள்ளையாகப் பூசணம் பிடித்ததை உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து முட்டைக்கும் பரவும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். மஞ்சள் கரு தீரும் வரை தீனி தேவையில்லை, அதற்கப்புறம் அன்றே முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா அல்லது மைக்ரோ புழு. குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பசியால் இல்லை, அடியில் மிஞ்சிய தீனி அழுகுவதால். தினமும் சொட்டுக்குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

இன்னொன்று, பழைய பெயரில் தேடுகிறவர்களுக்கு. 2024இல் கோரிடோரஸ் பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்துவிட்டார்கள். வெண்கலக் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர், பாண்டாவும் ஸ்டெர்பையும் ஹாப்லிசோமா. பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்து, 1842இல் விவரிக்கப்பட்ட மிளகுக் கோரியும் இப்போது ஹாப்லிசோமாதான். நான் கோரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், மீன் கோபித்துக்கொள்ளவில்லை.

பாசிப்பச்சை:
ஓட்டோசின்க்ளஸ் என்ற குட்டிக் கெளுத்தி பற்றி மட்டும் நான். இது ஒன்று உண்மையிலேயே பாசி தின்னும். ஆனால் பிரச்சினையும் அங்கேதான். நேற்று தண்ணீர் நிரப்பிய தொட்டியில் பாசி எங்கே இருக்கும்? பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடித்து வருபவை, வழியெல்லாம் பட்டினி கிடந்து வருகின்றன. வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் வயிற்றைக் கீழிருந்து பாருங்கள். உள்வாங்கி இருந்தால் விட்டுவிடுங்கள். உருண்டையாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பல மாதம் ஓடிய, இலைகளில் மென்பாசி படிந்த தொட்டியில் மட்டும், ஆறுக்குக் குறையாமல். நான் வெளிச்சம் படும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கற்களைப் போட்டுப் பாசி பிடிக்க வைத்து, மாற்றி மாற்றித் தொட்டியில் வைக்கிறேன். அரை வேக்காட்டு சுக்கினித் துண்டைக் கற்றுக்கொள்ள அவற்றுக்கு நாளாகும், கற்றுக்கொண்டால் கவலையில்லை.

பெரியதொட்டி:
எங்களிடம் இருக்கும் பிளெக்கோ, அதாவது வாயால் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி, அதைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நண்பர் ஒருவர் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவர் வாங்கும்போது விரல் நீளம் இருந்ததாம். எங்களிடம் வரும்போது முழங்கை நீளம் தாண்டிவிட்டது. கடைகளில் சக்கர், பிளெக்கோ என்று விற்பதில் பெரும்பாலானவை டெரிகோப்ளிக்திஸ் இனங்கள், 40 செ.மீ.க்கு மேல் வளரும். முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணினால் தெரிந்துவிடும். ஹைபோஸ்டமஸ் என்ற இன்னொரு பிளெக்கோ வகையில் ஏழு போல இருக்கும், டெரிகோப்ளிக்திஸில் பத்தோ அதற்கு மேலோ.

சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும், உண்மைதான். வளர வளர அதில் ஆர்வம் போய்விடும். அது தின்பதை விடப் போடும் கழிவு அதிகம், என் ஃபில்டருக்குத்தான் தெரியும். தூக்கம் கலைந்தால் வாலால் ஓர் அடி, செடியெல்லாம் மிதக்கும். பக்கவாட்டில் தட்டையாக இருக்கும் டிஸ்கஸ் மேல் ஒட்டிக்கொண்டு சளிப்படலத்தைச் சுரண்டும் கெட்ட பழக்கமும் உண்டு. இரவில் சரியாகத் தீனி போட்டால் அது குறையும்.

பெரிதாகிவிட்டது என்று ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளோரிடா, மெக்சிகோ தொடங்கி ஆசியா வரைக்கும் இப்படி விட்டவைதான் பெருகிக் கிடக்கின்றன. முட்டையிடக் கரையில் வளை தோண்டும், கரை சரியும், உள்ளூர் மீனவர் வலை கிழியும். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் வாங்காமல் இருப்பது நல்லது, வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முள்மூக்கன்:
பெரியதொட்டி சார் சொன்னதற்கு மாற்று என்னிடம் இருக்கிறது. ஆன்சிஸ்ட்ரஸ், முள்மூக்கு பிளெக்கோ. 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும். பாசியும் தின்னும். ஒரே ஆபத்து, குஞ்சு பொரிப்பதை நிறுத்தத் தெரியாது.

ஆணுக்கு மூக்கு முழுக்கக் கிளைவிட்ட தசைக்குச்சிகள் முளைத்திருக்கும். பெண்ணுக்கு ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னதாக, சிலவற்றுக்கு அதுவும் இருக்காது. ஆணின் உடம்பு சரியாக நுழைகிற அளவில், ஒரு பக்கம் மூடிய குழாயோ மண் குகையோ வைத்தால் போதும். ரொம்ப அகலமான குகை அதற்குப் பிடிக்காது. பெண்ணை உள்ளே விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது பெண் வெளியே திரியும், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் திராட்சைக் கொத்து மாதிரி முட்டை இருக்கும். அப்புறம் முழுப் பொறுப்பும் அப்பாவுக்குத்தான். சாப்பிடக்கூட அதிகம் வெளியே வராது. இருபத்துநாலு மணி நேரமும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஐந்து நாள் வாக்கில் பொரிந்து, இன்னும் ஒரு வாரம் போல மஞ்சள் கருவைச் சுமந்துகொண்டு குகைச் சுவரில் ஒட்டியிருக்கும்.

அனுபவமில்லாத இளம் ஆண் சில சமயம் கொத்தைக் குகைக்கு வெளியே தள்ளிவிடும். அப்படி நடந்தால், கொத்தை எடுத்து வலைப்பெட்டியில் போட்டுப் பக்கத்தில் காற்றுக்கல்லை வையுங்கள், குமிழியில் முட்டை மெல்ல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். என்னிடம் அப்படியும் நன்றாகவே பொரிந்திருக்கிறது.

குஞ்சுகள் பகலும் இரவும் தின்றுகொண்டே இருக்கும். வெள்ளரி, சுக்கினி, கீரை, அவித்த பட்டாணி. வெள்ளரியில் பெரும்பாலும் தண்ணீர்தான், அதை மட்டும் போட்டு ஏமாற்றக் கூடாது. மூழ்கும் பாசி வில்லையும் தினமும் வேண்டும். காய் மிதக்காமலிருக்க எவர்சில்வர் முட்கரண்டியில் குத்திப் போடுகிறேன். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுவேன். இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் யாரும் கையில் ஒரு பை மீன் இல்லாமல் திரும்பிப் போக முடியாது.

ஈரமீசை:
முள்மூக்கன், கட்டை கட்டாயம் போட வேண்டுமா? மரம் தின்னாவிட்டால் செத்துவிடும் என்கிறார்களே?

முள்மூக்கன்:
போட்டால் நல்லது, கட்டாயமில்லை. கட்டையில் படரும் படலத்தைத்தான் ஆன்சிஸ்ட்ரஸ் சுரண்டுகிறது. பனாக் என்ற வகை மட்டும் மரத்தையே கரகரவென்று அரைக்கும், இரவில் சத்தம் கேட்கும். அதன் குடலை ஆராய்ந்தவர்கள், மரநாரைச் செரித்து அது வாழவில்லை, மட்கிய மரத்தோடு வரும் மற்றவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது என்று கண்டிருக்கிறார்கள். எனவே கட்டையைப் போட்டுவிட்டுத் தீனியை நிறுத்தினால் அதுவும் பட்டினிதான்.

கோடுபோட்டவன்:
என்னுடையது எல்-046, வரிக்குதிரை பிளெக்கோ. இந்த எல் எண்கள் 1988இல் ஒரு ஜெர்மன் இதழ் தொடங்கி வைத்த முறை, பெயர் வைக்கும் முன்பே புதுப்புது மீன்கள் வந்து குவிந்ததால். இதற்கு ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று 1991இல் பெயர் வைத்தார்கள். பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் ஒரு பெரிய வளைவில் மட்டும்தான் உண்டு. அங்கேதான் பெலோ மோன்ச்சி அணையும் கட்டினார்கள். பிடித்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் 2022இல் சேர்த்தார்கள். வீட்டில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள்.

இதைப் பாசிக்காக வாங்கினால் பெரிய ஏமாற்றம். இறால், புழு மாதிரி இறைச்சித் தீனிதான். 28 முதல் 30 டிகிரி வெப்பம், நல்ல ஓட்டம், நிறைய ஆக்சிஜன். ஒரு ஈட்டில் பத்துப் பதினைந்து முட்டை இருந்தாலே மகிழ்ச்சி. பகலில் வாலைக்கூடக் காட்டாது. சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறுமை இருப்பவர்களுக்கான மீன்.

கூர்முள்:
பிக்டஸ் கெளுத்தி வைத்திருப்பவர்கள் யாராவது? நீளமான வெள்ளை மீசை, ஓயாத நீச்சல், பகலிலும் சுற்றும். பார்க்க அழகு. ஆனால் டெட்ராவோடு சேர்த்து வைத்தால் ஒவ்வொரு காலையும் எண்ணிக்கை குறையும், வாயில் நுழைவது எல்லாம் அதற்கு இரைதான். இப்போது அதை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். போன தடவை வலையில் துடுப்பு முள் மாட்டிக்கொண்டு பெரிய பாடாகிவிட்டது. எப்படிச் செய்கிறீர்கள்?

மணல்தொட்டி:
கூர்முள், வலையே வேண்டாம். கோரிக்கும் இதே கதைதான், பயந்ததும் முன்துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். இழுத்தால் முள் ஒடியும் அல்லது தோள் கிழியும். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடியுங்கள், இன்னொரு கையால் மெல்ல ஓட்டி உள்ளே விடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு சின்னக் கத்தரிக்கோலால் வலைக்கண்ணை வெட்டுங்கள். வலை போனால் போகிறது. கையிலும் குத்த விடாதீர்கள், நன்றாக வலிக்கும்.

பையில் கொண்டுபோவதாக இருந்தால் இரட்டைப் பை, நடுவில் செய்தித்தாள், ஒரு பைக்கு ஒரு மீன். கோரிகளை ஏற்றும்போது கூடுதலாக ஒன்று செய்வேன். பிடித்தவுடன் பையில் போடாமல் ஒரு வாளியில் கொஞ்ச நேரம் விட்டுவைப்பேன். பயத்தில் அவை நச்சுச் சுரப்பு ஒன்றை விடும், மூடிய பைக்குள் அதுவே அவற்றைக் கொன்றுவிடும். தண்ணீர் நுரைத்திருந்தால் மாற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அடையுங்கள். புதுத் தொட்டியில் விட்ட அன்று மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். செம்பு கலந்தது இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வேறு மருந்தும் தேவைப்பட்டால் பாதி அளவில் தொடங்குங்கள். பிக்டஸ் போய்ச் சேர்ந்ததும் தீனி எடுத்ததா என்று எழுதுங்கள்.