எந்த மாதம் பரண் ஏறுகிறோமோ அந்த மாதத்துப் பயிர்

வேட்டைக்காக மான்களை வரவழைக்க நிலத்தில் எதை விதைப்பது என்பதைப் பற்றி இங்கே பலரும் எழுதியிருப்பதால், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், காட்டோரமாக உள்ள முக்கால் ஏக்கர் நிலத்தில் ஆறு ஆண்டுகளாக நான் கண்டவற்றையும் சொல்கிறேன். அங்கே வருவன வெள்வால் மான்கள். நான் வில்லோடு பரணில் அமர்ந்து வேட்டையாடுபவன்.

முதல் ஆண்டு மண்ணைச் சோதிக்காமலேயே வெள்ளைக் குளோவர் என்னும் தீவனப் பயிரை விதைத்தேன். முளைத்த செடிகள் விரற்கடை உயரத்தில் மஞ்சளித்து நின்றுவிட, களைதான் மண்டியது. பிறகு சோதித்தபோது மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.3 என்று வந்தது, அதாவது புளிப்பு மிகுதி. குளோவருக்கு அது 6-க்கு மேல் இருக்க வேண்டும். சுண்ணாம்புத்தூள் இட்டாலும் அது மண்ணோடு வினைபுரியப் பல மாதங்கள் ஆகும் என்பதால், குளோவரை மறு ஆண்டுக்குத் தள்ளி வைத்தேன். மறு ஆண்டு ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்த பிறகுதான், அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செழிக்கத் தொடங்கிவிட்டது என்று மனம் ஆறியது. அதனுடன் கொஞ்சம் சிக்கரியும் கலந்திருந்தேன். நம் காப்பித்தூளில் சேர்க்கும் அதே சிக்கரிதான். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், கோடையில் குளோவர் வாடும்போதும் அது பச்சையாக நிற்கிறது.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். கொம்பு மானின் படம் போட்ட விதைப்பையை நம்பி, கோதுமை போன்ற குளிர்காலத்து ரை தானியம் என்று எண்ணி நான் வாங்கி வந்தது ரைகிராஸ் என்னும் புல். இரண்டும் வேறு வேறு பயிர்கள். ரை தானியம் மண் உறைவதற்குச் சற்று முன்புவரைகூட முளைக்கும், பனியின் கீழும் உயிரோடு இருக்கும், மான் விரும்பி மேயும். ரைகிராஸை மான் அவ்வளவாகத் தேடுவதில்லை, விதை உதிர்ந்துவிட்டால் அதைப் பாத்தியிலிருந்து ஒழிப்பதும் பெரும்பாடு. ஆகவே பையின் முகப்பை விட்டுவிட்டு, பின்புறம் ஒட்டியிருக்கும் விதைச்சீட்டைப் படியுங்கள்.

அக்டோபரில் மான்கள் திடீரென்று காணாமல் போனதாக முன்பு ஒரு நண்பர் வருந்தி எழுதியிருந்தார். எனக்கும் அப்படியே நடந்தது. வெள்ளை ஓக் மரங்கள் கொட்டைகளை உதிர்க்கத் தொடங்கினால், துவர்ப்புக் குறைந்த அந்தக் கொட்டைகளுக்கு ஈடாக நாம் விதைக்கும் எதுவும் நிற்காது. மான் எவ்வளவு மேய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, பாத்தியின் நடுவே மான் எட்டாதபடி கம்பிவலையை வளைத்து ஒரு கூண்டு வைத்திருந்தேன். அக்டோபரில் கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும், நான் விதைத்திருந்த டர்னிப் என்னும் கிழங்குப் பயிரின் இலைகள் ஒரே உயரத்தில் இருந்தன. கடும் உறைபனி சில இரவுகள் விழுந்த பின், நவம்பர் நடுவில் போய்ப் பார்த்தால், உள்ளே முழங்கால் உயரத்துக்கு இலை, வெளியே வெறும் காம்புகள்தாம். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால், இலைகள் நறுக்கப்பட்டவைபோல் இல்லாமல் பிய்த்தெடுக்கப்பட்டவைபோல் இருந்தன. செப்டம்பரில் அமர்கிறவருக்குக் குளோவரும் நவம்பர் கடைசியில் அமர்கிறவருக்கு டர்னிப்பும் ரையும் உதவும் என்று எனக்கு விளங்கியது அந்தக் கூண்டினால்தான்.

நான் வீழ்த்திய முதல் கொம்பு மான் என் பயிரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நவம்பர் முதல் வாரத்தில், ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் ரையை மேய்ந்துகொண்டிருக்க, அது காற்று வீசிப்போகும் பக்கத்து ஓரமாக மூக்கைத் தாழ்த்தி, பெண்மானின் வாடையைத் தேடி வந்தது. இணைசேரும் பருவத்தில் பயிர் இழுப்பது பெண்மான்களைத்தான். ஆண்மான் அவற்றைத் தேடி வருகிறது. அதனால் பாத்தியின் நடுவை நோக்கியிருந்த பரணை அந்த ஓரத்துக்கு மாற்றியிருந்தேன். எங்கள் வட்டாரத்தில் 2002-இல் மான்களிடம் அவற்றின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நாட்பட்ட நலிவு நோய் கண்டறியப்பட்டது என்பதால், கழுத்து நிணநீர்ச் சுரப்பியைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்திருந்தோம்.

வேட்டைப் பருவம் முடிந்த பிறகும் பிப்ரவரியில் ஒருமுறை போயிருந்தேன். மான்கள் முன்னங்காலால் பனியைக் கிளறி அடியில் இருந்த ரையை மேய்ந்த குழிகள் பாத்தி முழுவதும் தெரிந்தன. மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகும் மண் தானே விதையை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த ரையின் மேலேயே உழாமல் குளோவரைத் தூவினேன்.