சுகமான பிறகு நீட்டப்படும் கிளாஸ்

கொட்டாஞ்சேனைக்காரி:

என் பெரிய மாமா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவர். வாயில் எந்த நேரமும் வெற்றிலையும் புகையிலையும், கடை பூட்டிய பிறகு சாராயம். நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறாமலே கிடந்து, கடைசியில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒப்பரேஷன் செய்து, பிறகு ஆறு கிழமை கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) பிடித்தார்கள். 138 பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கூட்டிப் போய் வந்தோம். இப்போது நோய் இல்லை. கிளினிக்குக்கு மட்டும் போய் வருகிறார்.

கரண்ட் பிடித்த நாட்களில் குடியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கஞ்சித் தண்ணியே வாயை எரித்த காலம் அது. அவர் தேறி, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, வெளியே நடமாடத் தொடங்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. தொல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை, எல்லாம் பாசத்தில் வருவது. வார்டுக்கு சூப் கொண்டு வந்த கூட்டாளிமார்தான் கிளாஸையும் நீட்டினார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால், வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஆண்கள் கூட்டம். மாமாவுக்கு மருந்து கொடுக்கப் போனபோது பார்த்தேன். பழைய கூட்டாளி ஒருவர், “மச்சான், இப்பதான் சுகமாகிட்டியே, ஒரு ஷொட் போடு, ஒன்னும் ஆகாது” என்று கையில் திணிக்கிறார். மாமாவுக்கு உமிழ்நீர் சுரப்பது குறைவு, இரண்டு வார்த்தை பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு வாய் நனைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: “சாயத்தில வருஷக்கணக்கா ஊறின துணி மச்சான் இது. ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சத் துணி வெள்ளையாகிடுமா?”

புடவைக் கடைக்காரர் பேச்சு. ஆனால் கிளினிக்கில் டொக்டர் விளக்கியதும் அதேதான். புகையிலையும் பாக்கும் சாராயமும் பட்டது புண் வந்த இடத்தில் மட்டும் இல்லை. வாய் முழுக்க, தொண்டை வரை பட்டிருக்கிறது. அதனால் பழைய இடத்தில் திரும்பாவிட்டாலும் வேறு இடத்தில் புதிதாக இன்னொன்று தொடங்கலாம். மதுவில் இருக்கும் எத்தனோலை வாயில் உள்ள கிருமிகளே அசிற்றல்டிகைட் ஆக மாற்றிவிடுகின்றன. புற்றுநோயைத் தூண்டுவது அது. அதைக் கரைத்து இறக்கும் உமிழ்நீரும் கரண்டுக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. பீர், வைன், கள்ளு, கசிப்பு எதுவானாலும் உள்ளே இருப்பது அதே எத்தனோல்தான்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதுவை 1988லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. 2004இல் வெளிவந்த அறிக்கையில் புகையிலை கலக்காத பாக்கும் அதே வகுப்புக்குப் போனது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். அப்படியிருந்தும் புகையிலை பற்றிப் பேசும் அளவுக்கு நாங்கள் சாராயம் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய மனவருத்தம்.

உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதுங்கள்.

தெஹிவளை அண்ணா:

எங்கள் அனுபவம் வேறு மாதிரி. என் தம்பி தினமும் குடித்தவன். ஒப்பரேஷனுக்கு முன் டொக்டர் கேட்டபோது, “விசேஷத்துக்கு மட்டும்” என்று சொல்லிவிட்டான். ஒப்பரேஷன் முடிந்து இரண்டு நாள் போகவில்லை, கை நடுக்கம், வியர்வை. ராத்திரி பெட்ஷீட்டில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான், மூக்கில் போட்டிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தான். டியூட்டியில் இருந்த மிஸ் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு குடிப்பார்?” என்று கேட்டார். சொன்னதும் அதற்கான மருந்து ஏற்றினார்கள், ஆள் அடங்கினான். நாளாந்தம் நிறையக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாமாம், உயிருக்கே ஆபத்தாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் டொக்டருக்குத் தெரிந்து நிறுத்த வேண்டும். வெட்கத்தில் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

மட்டக்குளி மகள்:

குடிக்காமலும் வாய்க்குள் அற்ககோல் போகிறது, அதையும் பாருங்கள். அப்பாவுக்கு ஃபார்மசியில் வாங்கிய வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அற்ககோல். எரிச்சலும் வாய் வறட்சியும் இன்னும் கூடும். கிளினிக்கில் உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீர் போதும் என்றார்கள். பல்வலிக்குச் சாராயத்தை வாயில் வைத்திரு என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் பட்ட தாடை எலும்பு லேசில் ஆறாது. பல் பிடுங்குவதென்றாலே முதலில் கரண்ட் பிடித்த விஷயத்தைப் பல் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

வத்தளை வாசகர்:

நானே நோயாளி. 5 வருடம் தாண்டிவிட்டது. விசேஷங்களில் பீர் குடிக்கிறேன், இதுவரை ஒன்றும் இல்லை. இனியும் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனைக்காரி:

5 வருடம் தாண்டியது பெரிய சந்தோஷம் அண்ணா. பழைய கட்டி திரும்பும் பயம் குறைந்துவிட்டது, அது உண்மை. புதிதாக வரக்கூடியதைப் பற்றித்தான் நான் எழுதினேன். அதற்கு 5 வருடக் கணக்குத் தெரியாது, இவ்வளவு குடித்தால் பிரச்சினை இல்லை என்ற அளவும் கிடையாது. ஆனால் அதே ஆய்வு நிறுவனம் 2023இல் இன்னொன்றும் சொன்னது: குடியை விட்டாலோ குறைத்தாலோ வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வரும் ஆபத்து குறைகிறது, அதற்குப் போதுமான சான்று இருக்கிறது என்று. மாமாவிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். விட்டதற்குப் பலன் உண்டு என்று கேட்டால் அவருக்குத் தெம்பு வருகிறது.

வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை, சிவப்புப் படை தெரிந்தாலும், இரண்டு கிழமையாக ஆறாத புண் இருந்தாலும் கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த கிளினிக்கில் பீர் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள் அண்ணா.