தோள்வலி இல்லாமல் சக்கர நாற்காலியைத் தள்ள, பின்சக்கர அச்சை எங்கே பொருத்துவது?

செம்மண்தேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்கு அருகில் வசிக்கிறோம். என் தம்பி பனையிலிருந்து விழுந்ததில் தண்டுவடத்தில் டி10 மட்டத்தில் (பத்தாவது மார்பு முள்ளெலும்பு அளவில்) அடிபட்டுவிட்டது. தொப்புளுக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லை. இதுவரை மருத்துவமனைகளில் இருப்பது போன்ற கனமான இரும்பு நாற்காலியில் இருந்தவனுக்கு, இப்போது உறவினர்கள் சேர்ந்து எடை குறைந்த, மாற்றியமைக்கக்கூடிய நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது பார்சலில் வந்தது. பொருத்திக் காட்ட யாரும் வரவில்லை. பின்சக்கரம் மாட்டும் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன, சக்கரம் கடைசித் துளையில் இருக்கிறது.

நாற்காலி புதிதாக இருந்தும், மாலையானால் இரண்டு தோள்களும் வலிக்கின்றன என்கிறான். எங்கள் தெரு பாதி சிமெண்ட், பாதி தேரி மணல். மணலில் முன்சக்கரங்கள் புதைந்து நின்றுவிடுகின்றன. கடைத்தெரு வரைக்குமாவது யார் உதவியும் இல்லாமல் போய்வர வேண்டும் என்பது அவன் விருப்பம். எதை முதலில் மாற்ற வேண்டும், எதில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சக்கரத்தடம் எழுதியது:

சகோதரி, வணக்கம். நானும் தண்டுவடக் காயத்தோடு நாற்காலியில் இயங்குபவன். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சேர்ந்த பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்றேன். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் உருவான இடம் அது. உங்கள் தம்பியையும் ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல முடியுமானால் தயங்காதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தோள்வலி, மணலில் புதைவது இரண்டுக்குமே காரணம் அந்தக் கடைசித் துளைதான் என்று தோன்றுகிறது. அச்சு பின்னால் இருக்கும்போது உடலின் எடையில் பெரும்பங்கு முன்னாலிருக்கும் சிறுசக்கரங்களின்மேல் விழுகிறது. சிறிய சக்கரத்துக்கு மணலும் குழியும் பெரிய தடை. எடை கூடக்கூட அது இன்னும் புதையும், திரும்பவும் மறுக்கும். அதோடு, கையால் பிடித்துத் தள்ளும் கைவளையம் உடலுக்குப் பின்னால் போய்விடுவதால் தோளைப் பின்னுக்கு இழுத்து, சின்னச் சின்னத் தள்ளலாகப் பல முறை தள்ள வேண்டியிருக்கிறது. அச்சை முன்னால் கொண்டுவந்தால் எடை பெரிய சக்கரத்துக்கு மாறும், வளையத்தின் நீண்ட பகுதி கைக்கு எட்டும். கால் செயலிழந்த முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அமைப்பு 2005இல் வெளியிட்ட தோள் பாதுகாப்பு நெறிமுறையும், அமர்பவரின் நிலைத்தன்மை கெடாத அளவுக்கு அச்சு எவ்வளவு முன்னால் வர முடியுமோ அவ்வளவு வரட்டும் என்றே சொல்கிறது.

ஒரே நாளில் முன்துளைக்குப் போய்விட வேண்டாம். ஒரு துளை நகர்த்துங்கள், இரண்டு பக்கமும் ஒரே துளையா என்று எண்ணிப் பாருங்கள், சில நாள் பழகட்டும், பிறகு அடுத்தது. அச்சு முன்னால் வர வர நாற்காலி பின்னால் சாய்வதும் எளிதாகிவிடும். ஆகவே பழகும்வரை ஒருவர் கைப்பிடியை ஒட்டிப் பின்னால் நிற்க வேண்டும், பின்சாய்வைத் தடுக்கும் குட்டிச் சக்கரங்களைக் கழற்றக் கூடாது.

இருக்கையின் உயரத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நிமிர்ந்து அமர்ந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி சக்கர அச்சின் நடுவை ஒட்டி வர வேண்டும். கையை வளையத்தின் உச்சியில் வைத்தால் மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே முழங்கையில் 100 முதல் 120 பாகைக் கோணம் இருக்க வேண்டும். கை அதைவிட நீண்டிருந்தால் இருக்கை உயரம் அதிகம். தோள் காதை நோக்கி ஏறினால் இருக்கை தாழ்வு.

இயன்முறை_மதுரை எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் அமர்வைச் சரிசெய்ய வேண்டும். அமர்வு தவறாக இருந்தால் அச்சுக்கு எடுக்கும் அளவு எல்லாமே தவறாகிவிடும். தம்பி தினமும் பயன்படுத்தும் குஷனைப் போட்டு, அதன்மேல் அமரவைத்தே அளவெடுங்கள். குஷனை மாற்றினால் உயரமும் மாறும்.

இருக்கையின் அகலம் இடுப்பின் மிக அகன்ற இடத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். இங்கே பலருக்கும் அவர்களின் உடலைப் பாராமல் 18 அங்குல இருக்கையையே கொடுத்துவிடுகிறார்கள்; மெலிந்தவர் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே அமர்வார், கைகளை அகல விரித்துத் தள்ளுவார், முதுகெலும்பும் நாளடைவில் கோணும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கால்மிதி அதிக உயரத்தில் இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு எடை முழுவதும் அமரும் எலும்புகளில் இறங்கும். தாழ்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கும். தொடை முழுவதும் குஷனில் சமமாகப் படியும் உயரத்தில் அதை வைத்து, தரையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சாய்மானம் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்குக் கீழே நிற்கட்டும்; டி10 காயமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உயரமே தாங்கும், கையும் தடையின்றிப் பின்னால் போகும்.

உணர்வு இல்லாத உடல் என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். எந்த அளவை மாற்றினாலும் அன்றிரவே கண்ணாடி வைத்துப் பிட்டத்தையும் வால் எலும்புப் பகுதியையும் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் அந்த இடத்தில் எடை படாமல் படுக்கவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரைமணிக்கு ஒருமுறையாவது, மார்பு தொடையில் படும்படி முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்கப் பழக்குங்கள். கைகளை ஊன்றி உடலைத் தூக்கும் பழைய முறை இப்போது வலிக்கும் தோளுக்கு நல்லதில்லை.

செம்மண்தேரி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கால்மிதியை உயர்த்தினோம், அச்சை ஒரு துளை முன்னால் மாற்றினோம். சிமெண்ட் தரையில் தள்ளுவது இலகுவாகிவிட்டது என்று தம்பி சொல்கிறான். ஒரே இடத்தில் நின்று வட்டமடிக்கவும் முடிகிறது. ஆனால், இப்போது பிரேக் டயரில் இடிக்கிறது, பூட்ட முடியவில்லை. வேகமாகப் போனால் முன்சக்கரம் ஒன்று படபடவென்று ஆடுகிறது. வாசலில் கட்டியிருக்கும் சாய்வுத்தளத்தில் ஏறும்போது பின்னால் சாய்ந்துவிடுவோமோ என்று பயப்படுகிறான்.

பட்டறைக்காரர் எழுதியது:

அம்மா, பிரேக் பற்றி அஞ்ச வேண்டாம். சக்கரம் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் பிரேக்கையும் அதே அளவு நகர்த்தியே ஆக வேண்டும். சட்டத்தில் பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் நகர்ந்த அளவுக்கு முன்னால் தள்ளுங்கள்; பூட்டும்போது அதன் முனை டயரை அழுத்திப் பதிய வேண்டும், விட்டால் உரசாமல் விலக வேண்டும். அதற்கு முன் காற்றடித்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று இல்லையென்றால் பிரேக்கும் பிடிக்காது, தள்ளவும் கனக்கும்.

முன்சக்கரம் ஆடுவதற்கு நான் முதலில் பார்ப்பது, அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையைத் தாங்கும் செங்குத்துத் தண்டைத்தான். தம்பியை அமரவைத்து, சமதளத் தரையில் மூலைமட்டத்தை நிறுத்தி, தண்டின் கூடு அதற்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். பின்அச்சின் உயரம் மாறினாலும், முன்சக்கரத்தின் அளவு மாறினாலும் இது சாய்ந்துவிடும். அடுத்து, சக்கரத்தைக் கழற்றி அச்சைப் பாருங்கள். தலைமுடியும் நூலும் எண்ணெய்ப் பிசுக்கோடு கயிறாகத் திரிந்து பேரிங்கை இறுக்கியிருக்கும்; பிளேடால் அறுத்துக் கொறடால் இழுத்தால் வந்துவிடும். உங்கள் ஊர் மணலுக்கு மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். இப்போதிருக்கும் முன்சக்கரம் 5 அங்குலக் கெட்டிச் சக்கரம் என்றால், அகலமான, சற்றுப் பெரிய சக்கரம் மணலில் குறைவாகப் புதையும். வாங்குவதற்கு முன், அது சுழலும்போது கால்மிதியிலோ குதிகாலிலோ இடிக்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

சக்கரத்தடம் எழுதியது:

சாய்வுத்தளத்தின் நீளத்தைச் சொல்லவில்லையே, சகோதரி. ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது கணக்கு. வாசல் 30 செ.மீ. உயரம் என்றால் சரிவு 3.6 மீட்டர் நீள வேண்டும். நம் வீடுகளில் இடமில்லாமல் பாதி நீளத்தில் கட்டிவிடுகிறார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், அது சரியாகும்வரை அச்சை இப்போதிருக்கும் துளையைவிட முன்னால் கொண்டுபோகாதீர்கள்.

ஏறும்போது தம்பி மூக்கு முழங்காலை நோக்கிப் போகுமளவு முன்னால் குனிந்து, குறுகிய தள்ளலாகத் தள்ளட்டும். வெடுக்கென்று இழுத்துத் தள்ளும்போதுதான் முன்பக்கம் தூக்கும். இறங்கும்போது நிமிர்ந்து அமர்ந்து, கைவளையத்தை உள்ளங்கைக்குள் மெல்ல நழுவவிட வேண்டும். மணல் பகுதிக்கு, முன்சக்கரத்தைச் சற்றே தூக்கிப் பின்சக்கரத்தில் ஓடும் வித்தையைப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துக் கற்றுக்கொள்வது நல்லது. அதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க விடாதீர்கள். சரிவின் நீளத்தையும் வாசல் உயரத்தையும் அளந்து எழுதுங்கள், அடுத்த துளைக்குப் போகலாமா என்று பார்ப்போம்.