108 பீஸ் டூல் கிட் வாங்கினேன், டிரெயின் போல்ட்டின் மூலைகளை மழுக்கிவிட்டேன். இனி எதை வாங்குவது, எங்கே வைப்பது?

வேளச்சேரி வேகன்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2016 வேகன்ஆர், பெட்ரோல். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, சக்கரம் கழற்றி பிரேக் பேட் பார்ப்பது, இந்த மட்டில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஆசை. ஆன்லைனில் ஒரு 108 பீஸ் கிட் வாங்கினேன். பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் நகைக்கடை மாதிரி பளபளவென்று இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். டிரெயின் போல்ட்டில் (பழைய ஆயிலை வடிக்க எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட்) சாக்கெட்டை மாட்டி ஒரு அழுத்து அழுத்தியதும் 'டக்' என்று வழுக்கியது. இன்னும் இரண்டு முறை முயன்றதில் போல்ட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. ஆயில் இன்னும் உள்ளேயே இருக்கிறது, வண்டி ஓடுகிறது, ஒழுகவில்லை.

கேள்விகள்: ஒன்று, இந்த போல்ட்டை எப்படி எடுப்பது? இரண்டு, இந்த கிட்டை மூலையில் போட்டுவிட்டு 10,000 ரூபாய்க்குள் உருப்படியாக என்ன வாங்கலாம்? மூன்று, எல்லாவற்றையும் எங்கே வைப்பது? ஸ்டில்ட் பார்க்கிங்கில் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள தரைத்தள பார்க்கிங்) பீரோ வைக்க அசோசியேஷன் விடமாட்டேன் என்கிறது. வீடு இரண்டாவது மாடி. வாங்கி மூன்று மாதத்துக்குள் ராட்செட் கைப்பிடியில் (சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடி) துரு எட்டிப் பார்க்கிறது.

மதுரை ஸ்விஃப்ட்:
108 பீஸ் என்பதே ஒரு பொறி சார். அதில் ஐம்பது ஸ்க்ரூ பிட் இருக்கும், அதையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள். நானும் விழுந்து எழுந்தவன்தான்.

டூல்ரூம் பென்ஷனர்:
தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் டூல்ரூமில் இருந்தவன் கேட்கிறேன். வாங்குவதெல்லாம் அப்புறம். வழுக்கிய அந்த சாக்கெட்டை எடுத்து, பக்கவாட்டில் என்ன எண் அடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே எத்தனை முனை இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள்.

வேளச்சேரி வேகன்:
ஐயா, 11/16 என்று இருக்கிறது. உள்ளே 12 முனை. போல்ட்டில் மாட்டியபோது சரியாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது, லேசான ஆட்டம் மட்டும்.

டூல்ரூம் பென்ஷனர்:
அங்கேதான் போயிற்று. அது ஐந்தரை நூல் சாக்கெட், இஞ்ச் அளவு (ஒரு நூல் என்றால் 1/8 இஞ்ச்). மில்லிமீட்டரில் 17.46 வரும். உங்கள் போல்ட் 17. கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் இடைவெளி. கையால் ஆட்டிப் பார்த்தால் சின்ன ஆட்டம், பலம் கொடுத்தால் மொத்த சுமையும் போல்ட்டின் மூலைக்குப் போய்விடும். 12 முனை வேறு, கேட்க வேண்டுமா? 6 முனை சாக்கெட் போல்ட்டின் தட்டையான பக்கத்தில் அழுத்தும். 12 முனை மூலைக்குப் பக்கத்தில்தான் பிடிக்கும். புது போல்ட்டில் வித்தியாசம் தெரியாது, இறுகிப்போனதில் தெரியும்.

இந்தக் கலப்பட கிட்களில் மில்லிமீட்டரும் இஞ்சும் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும். 19-க்கு 3/4 போட்டால் பிழைத்துக்கொள்ளலாம், அது 19.05. ஆனால் 14-க்கு 9/16 போட்டால் 14.29, 17-க்கு 11/16 போட்டால் இந்தக் கதை. இன்றைக்கே ஒரு மார்க்கர் எடுத்து இஞ்ச் சாக்கெட் அத்தனையிலும் சிவப்புக் கோடு போட்டு, தனி டப்பாவில் கொட்டிவிடுங்கள்.

பட்டறைப் பையன்:
போல்ட் எடுக்க வழி சொல்கிறேன் அண்ணா. அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க. ஆயில் வெதுவெதுப்பா இருந்தா போதும், கொதிக்கக்கூடாது. 17 நம்பர், 6 முனை, நல்ல கம்பெனி சாக்கெட் ஒண்ணு மட்டும் வாங்குங்க. போல்ட் தலையைத் துணியால சுத்தமா துடைச்சிட்டு, சாக்கெட்டை வச்சு சின்ன சுத்தியலால நேரா ரெண்டு தட்டு தட்டி உட்காரவைங்க. நீளமான கைப்பிடியை மாட்டி, ஜெர்க் கொடுக்காம ஒரே சீரா இழுங்க. அதுக்கும் பிடி கிடைக்கலைன்னா 16 சாக்கெட்டைத் தட்டி ஏத்தணும், கடைசியாத்தான் வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கற பிளேயர்). கழட்டின போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க. புது போல்ட், புது வாஷர். புதுப்பேட்டை ஸ்பேர் மார்க்கெட் வரைக்கும் அலைய வேண்டாம், கம்பெனி ஸ்பேர் கடையிலேயே இருக்கும்.

இன்னொண்ணு. வண்டிக்குக் கீழ எப்படிப் போனீங்க?

வேளச்சேரி வேகன்:
ஸ்டெப்னியோடு வந்த ஜாக்கியைப் போட்டுத் தூக்கினேன். பாதுகாப்புக்கு சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தேன்.

பட்டறைப் பையன்:
அண்ணா!! அந்த ஜாக்கி ரோட்டோரமா டயர் மாத்த மட்டும்தான். அதை நம்பித் தலையைக் கீழ விடாதீங்க. செங்கல் சுமை ஏறினா சொல்லாம கொள்ளாம பொடியாயிடும். உங்க பட்ஜெட்ல முதல் செலவு ரெண்டு ஜாக் ஸ்டாண்ட், தூக்கின வண்டியைத் தாங்கி நிக்கற இரும்புக் கால். சாக்கெட் எல்லாம் அப்புறம்.

மதுரை ஸ்விஃப்ட்:
இதை வழிமொழிகிறேன். நான் முதலில் டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவாக இறுக்கும் கைப்பிடி), பிறகு ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கோளாறு கோடு படிக்கும் கருவி) என்று வாங்கிவிட்டு, ஸ்டாண்ட் வாங்கியது கடைசியில். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. 2 டன் டிராலி ஜாக்கியால் (சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி) தூக்கி, கையேட்டில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டை வைத்து, வண்டியை இறக்கி அதன் மேல் உட்காரவைத்து, பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும். தூக்குவதற்கு முன் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட் பிரேக். தரை சமமாக இருக்க வேண்டும். உங்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் டைல்ஸ் போட்டிருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே தடித்த பிளைவுட் துண்டு வையுங்கள்.

டூல்ரூம் பென்ஷனர்:
இனி சாமான் கணக்கு. கடைக்குப் போகும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, நீங்கள் தொடப்போகும் போல்ட்டுகளை மட்டும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மாருதி ஜப்பான் வழிமுறையில் வந்த வண்டி. 8, 10, 12, 14, 17, 19. பெரும்பாலான வேலை இதற்குள் முடிந்துவிடும். பேட்டரி டெர்மினல் 10, சக்கர நட் 19. ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் 13, 16, 18, நட்சத்திர பிட் என்று பட்டியல் நீளும்.

ஆகவே: மூன்று நூல் (3/8 இஞ்ச்) ராட்செட் ஒன்று, அதற்கு 6 முனை சாக்கெட்டுகள், நீளமும் குட்டையுமாக இரண்டு எக்ஸ்டென்ஷன். அரை இஞ்சில் ஒரு நீளக் கைப்பிடி, அதற்கு 17, 19 மட்டும். ரிங்கும் ஓப்பனும் சேர்ந்த ஸ்பானர் 8 முதல் 19 வரை. கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர். டப்பாரியா மாதிரி நம் ஊர்ச் சரக்கே தாராளம். பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனால் சாக்கெட்டைச் சில்லறையாக, ஒன்றொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கூட்டல் குறி ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஜப்பான் வழி வண்டிகளில் உள்ள கூட்டல் குறி ஸ்க்ரூ பலவும் ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வடிவம். பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவேதான் இருக்கும். ஃபிலிப்ஸ் டிரைவர் அதன் அடிவரை போய் உட்காராது, அழுத்தித் திருப்பினால் மேலே எழும்பித் தலையைச் சிதைக்கும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று, 2-ஆம் நம்பர், வாங்கி வையுங்கள்.

மாடிவீட்டு ஐ10:
இடையில் ஒரு வரி. ஹூண்டாய் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு 19 வாங்கிவிடாதீர்கள். எங்கள் வண்டி சக்கர நட் 21. நான் தங்கையின் வேகன்ஆர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், மழையில் பஞ்சர் டயர் முன்னால் நின்று தெரிந்துகொண்ட பாடம்.

வேளச்சேரி வேகன்:
நன்றி ஐயா, நன்றி சிஸ்டர். டார்க் ரெஞ்ச் அவசியமா? 'கையளவு டைட்' போதும் என்கிறார் எங்கள் பக்கத்து மெக்கானிக்.

பட்டறைப் பையன்:
அவர் கைக்கு இருபது வருஷப் பழக்கம் அண்ணா. உங்க கைக்கு?

மதுரை ஸ்விஃப்ட்:
கணக்காகச் சொன்னால் புரியும். என் கையேட்டில் டிரெயின் போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 14 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். நாம் பயத்தில் அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்து ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) மரையைக் கிழித்துவிடுவோம். சக்கர நட்டுக்கு என் வண்டியில் 85. உங்கள் கையேட்டில் உங்கள் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாடலுக்கு மாடல் மாறும். அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் அரை இஞ்ச் வகை ஒன்று போதும், 28 முதல் 210 வரை வருவது இரண்டு வேலைக்கும் ஆகும். அதை வைத்து போல்ட் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கிவைத்தால் ஸ்பிரிங் தளராது. பணம் போதவில்லை என்றால் அடுத்த மாதம் வாங்குங்கள். ஸ்டாண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மாடிவீட்டு ஐ10:
வைக்கும் இடம் பற்றி நான் சொல்கிறேன், நானும் அபார்ட்மென்ட் ஆள்தான். முதலில் பெரிய இரும்பு அடுக்குப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். தூக்கினால் தோள் கழன்றது. இரண்டு மாடி இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றும் அலுப்பிலேயே ஆயில் மாற்றுவதை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

இப்போது பிரித்துவிட்டேன். ஸ்பானர்களுக்குக் கித்தான் துணியில் தையல்காரரிடம் சுருள் தைத்தேன். ஒவ்வொரு பையிலும் எண் எழுதியிருப்பதால் எது காணோம் என்று விரித்த உடனே தெரியும், 10 எப்போதும் காணோம். சாக்கெட், ராட்செட் ஒரு சின்ன டப்பாவில். டிராலி ஜாக்கியும் ஸ்டாண்டும் மட்டும் பால்கனியில், ஒரு ஸ்டூலுக்குக் கீழே, மூடிவைத்து. ஹைட்ராலிக் ஜாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போடாதீர்கள், ஆயில் கசியும். வண்டி டிக்கியில் டயர் மாற்றும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் மட்டும். 12 கிலோ இரும்புப் பெட்டியைக் கட்டாமல் டிக்கியில் போட்டு ஓட்டினால், சடன் பிரேக்கில் அது பின்சீட்டைத் தேடி வரும்.

வேளச்சேரி என்றால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். கீழ்த்தளத்தில் எதை வைத்தாலும் இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள். அசோசியேஷன் மறுத்தது நல்லதுக்குத்தானோ என்னவோ.

டூல்ரூம் பென்ஷனர்:
துருவுக்கு வருகிறேன். கடல் காற்று ஊரில் குரோம் பூச்சு மட்டும் காப்பாற்றாது. அந்த பிளாஸ்டிக் கேஸுக்குள் ஸ்பாஞ்ச் விரித்திருந்தால் அதைப் பிய்த்து எறியுங்கள், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு டூலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்ட துணியால் ஒரு தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட்டை நம்பாதீர்கள், நம் கைக்கு வரும்போதே அது வயிறு நிறைந்துதான் வரும்.

சிரிப்பீர்கள், என் 1/2 இஞ்ச் ராட்செட்டில் வட்டமாக ஒரு துருப் பொட்டு இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தை விஜயதசமிக்கும் துடைக்காமல் விட்டதில் வந்தது. அதற்குப் பிறகு பொட்டு எல்லாம் பெட்டிக்குத்தான் வைக்கிறேன்.

பட்டறைப் பையன்:
பழைய ஆயிலை சாக்கடையில ஊத்திடாதீங்க. புது ஆயில் வந்த கேன்லயே புனலால ஊத்தி மூடி, பக்கத்து ஒர்க்‌ஷாப்ல கொடுங்க. அவங்க பழைய ஆயில் எடுக்கறவங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பாங்க. பிரேக் ஆயில் திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்குன்னு அலமாரியில வைக்காதீங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்.

வேளச்சேரி வேகன் (அடுத்த ஞாயிறு):
போல்ட் வந்துவிட்டது! 17, 6 முனை, இரண்டு தட்டு, ஒரே இழுப்பு. கழற்றிப் பார்த்தால் ஆறு மூலையில் நான்கு சப்பையாகி, நெளிந்த நாணயம் மாதிரி இருந்தது. பழைய வாஷர் போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது, நல்லவேளை கவனித்தேன், இல்லாவிட்டால் அதன் மேலேயே புதியதையும் போட்டிருப்பேன். டார்க் ரெஞ்ச் இன்னும் வாங்கவில்லை, பக்கத்து மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினேன். 'கையளவு போதும்' என்றவரிடமே அது இருந்தது! ஸ்டாண்ட் இரண்டும் வாங்கியாயிற்று. சாக்கெட்டுகளைச் செம்புதாஸ் தெருவில் பொறுக்கி எடுத்தேன், கடைக்காரர் ஆறே ஆறு அளவு மட்டும் கேட்டதற்கு ஒரு மாதிரி பார்த்தார், கொடுத்துவிட்டார். தையல்காரரிடம் கித்தான் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை தருகிறேன் என்றார்.

இஞ்ச் சாக்கெட் அத்தனையையும் காயலான் கடையில் போட்டுவிடலாமா ஐயா?

டூல்ரூம் பென்ஷனர்:
வேண்டாம் தம்பி. பேரிங், புஷ் தட்டி இறக்க அளவான குழாய் தேடி அலைவோம் பாருங்கள், அப்போது கை கொடுக்கும். அந்த 11/16-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள், சிவப்புக் கோட்டோடு.